மேட்டுவயல் மண்ணும் மருந்தும்

1

என் மகள் உமா பள்ளியில் 'என் தாத்தா' என்று ஒரு கட்டுரை எழுதி, தங்க நட்சத்திரம் ஒட்டிய தாளோடு வீட்டுக்கு வந்தாள். ஆங்கிலத்தில் எழுதியது. சுருக்கமாகத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: என் தாத்தா இந்தியாவில் ஒரு மலைக்குப் பக்கத்தில் வாழ்ந்தார். அங்கே ஒரு குளம் இருந்தது. அவர் அந்தக் குளத்து மீன்களுக்கு மருந்து கொடுத்தார். அதனால் ஊரில் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசினார்கள்.

ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையில், 'எவ்வளவு இரக்கமுள்ள மனிதர்!' என்று எழுதியிருந்தார்.

உமா இங்கே அமெரிக்காவில் பிறந்தவள். நானும் என் மனைவியும் பேசுவதை அரைகுறையாகக் காதில் வாங்கி வளர்கிறாள். மருந்து என்றால் அவளுக்கு இருமல் வந்தால் குடிக்கும் இனிப்புத் தண்ணீர். பயிருக்கு அடிக்கிற விஷத்துக்கும் நாம் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அது ஐப்பசி மாதம். அப்பாவின் திதி வருகிற மாதம். இந்த ஊரில் அப்போது சோள அறுவடை நடக்கும். புரோகிதர் கிடையாது, வாழை இலை கிடையாது. பின்வாசல் கைப்பிடிச் சுவரில் காக்காய்க்கு வைக்கும் சோற்றை அணில் வந்து தின்றுவிட்டுப் போகும். அப்பா அணிலாக வந்தாலும் சரி என்று விட்டுவிடுவேன்.

மகளுக்கு ஒருநாள் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரன் மனம் பக்குவப்பட்டு எல்லோரையும் மன்னித்து எழுதுகிற கட்டுரை இது என்று யாராவது நினைத்தால், இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

2

தென்காசியிலிருந்து மலையைப் பார்த்துப் போனால் எங்கள் ஊர். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் தெருவில் துணி காயாது. ஊருக்கு மேற்கே ஒரு குளம். மலையடியிலிருந்து இறங்கும் ஓடைதான் அதற்குத் தண்ணீர். அந்த ஓடைக்கு மேலே, சரிவில், வேலாயுதம் மாமாவின் மேட்டுவயல்.

வேலாயுதம் மாமா என் அப்பாவின் தங்கை புருஷர். தென்காசியில் உரக்கடை வைத்திருந்தார். ஊருக்கு முதலில் டிராக்டர் கொண்டுவந்தவர் அவர். எங்கள் பக்கம் முற்போக்கு விவசாயி என்ற பட்டம் அப்போது புதிது. அதைச் சட்டைப்பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டு திரிந்தார். சரிவில் இருந்த புதரையும் மரத்தையும் ஒன்றுவிடாமல் வெட்டி, மேலிருந்து கீழாக நேர்க்கோடாக உழுது மிளகாய் போட்டார். சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும் என்பது வேளாண் பொறியியல் முதல் வருடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். விடுமுறைக்கு வந்தபோது அதை மாமாவிடம் சொன்னேன். 'ஏலே, புஸ்தகத்துல உழுதவனுக்கு இம்புட்டு வாயா?' என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் அடைமழை கொட்டியது. மழை விட்ட காலையில் குளம் முழுக்க மீன் செத்து மிதந்தது. கரையெல்லாம் வெள்ளி வெள்ளியாக வயிறு. யாரோ குளத்தில் எண்ட்ரின் பூச்சிமருந்தை ஊற்றிவிட்டார்கள் என்று ஊரே சொன்னது. எண்ட்ரினின் வாடை அன்றைக்கு எல்லோருக்கும் பழக்கம்.

அந்த வருடம் மீன் குத்தகை ஏலத்தில் அப்பாவுக்கும் வெளியூர்க்காரர் ஒருவருக்கும் வாய்த் தகராறு நடந்திருந்தது. ஏலம் கைவிட்டுப்போன ஆத்திரத்தில் அப்பா எல்லோர் முன்னாலும், 'இந்த மீன ஒருத்தனும் திங்க மாட்டான், பாத்துக்கிடுங்க' என்று கத்தியிருக்கிறார். கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுகிற மனிதர். ஆனாலும் வெறும் பேச்சை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆக்கியவர் வேலாயுதம் மாமா. மழைக்கு முந்தின சாயங்காலம் 'மச்சான் கரைமேல டின்னும் கையுமாப் போனத என் கண்ணால பாத்தேன்' என்றார். சொந்த மச்சானே சொல்கிறாரே என்று ஊர் நம்பியது.

போலீஸ் ஸ்டேஷனில் அப்பாவை ஒரு நாள் உட்கார வைத்து அனுப்பினார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. ஊர்க்கூட்டம்தான் தீர்ப்புச் சொன்னது: அவர் குளத்தில் இறங்கக் கூடாது. குளிக்கக் கூடாது, மாடு குளிப்பாட்டக் கூடாது. வயலுக்குத் தண்ணீர் கடைசி முறை. மாமா மட்டும் அந்த மழைக்கு அடுத்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து, 'கோவத்துல செஞ்சிட்டீக, விடுங்க மச்சான்' என்று ஆறுதல் சொன்னார். அப்பா அவர் குடித்துவிட்டு வைத்த டம்ளரைத் தெருவில் எறிந்தார். அதோடு அத்தை எங்கள் வீட்டு வாசல் மிதிப்பதும் நின்றது.

அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தென்காசியில் ஓர் அரிசி மில்லில் மேற்பார்வைக்குச் சேர்ந்தார். கோவில் வாசலில் யாராவது அவரைப் பார்த்துக் குசுகுசுத்தால் வழியை மாற்றிக்கொள்வார். தேர் ஓடுகிற நாளில்கூட வீட்டில் இருப்பார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

3

நான் மேல்படிப்புக்கு இங்கே வந்தேன். அப்பா ரயில் மாறுகிற ஜங்ஷன் வரைக்கும் வரவில்லை. தென்காசி ரயிலடியிலேயே நின்றுகொண்டு, 'போயிட்டு வா, இங்கன ஒண்ணும் இல்ல' என்றார்.

வந்த புதிதில் ஒரு கூட்டத்தில், வயலில் மருந்து அடித்த பிறகு மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்து, நம் வழக்கத்தில் வைத்திய மருந்துக்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டேன். 'அந்த வயலுக்கு என்ன நோய்?' என்று ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. என் மகள் கட்டுரையில் செய்த அதே பிழையை நான் எதிர்த்திசையில் செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்காகத்தான் என் பேராசிரியர் என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அவர் சோள விவசாயி ஒருவரின் மகன். வயலில் போட்ட உரமும் மருந்தும் மழையில் எங்கே போகின்றன, ஓடைக் கரை எப்படி அரிக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் எங்கள் வேலை.

அந்தக் கணக்கை எளிதாகச் சொல்லிவிடலாம். ஓர் ஓடைக்குத் தண்ணீர் தருகிற நிலம் முழுவதையும் காகிதத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிவு என்ன, மண் என்ன, பயிர் என்ன, எப்படி உழுதிருக்கிறது என்று எண் கொடுக்க வேண்டும். மேலே மழையைப் பெய்யவிட வேண்டும். தண்ணீர் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு இறங்கும். போகிற வழியில் மண்ணை எடுத்துக்கொண்டு போகும். மண்ணில் ஒட்டியிருப்பதையும் கூடவே கொண்டுபோகும். எந்தக் கட்டத்துச் சரக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று கடைசியில் இயந்திரம் அச்சடித்துக் கொடுக்கும். துளை போட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் பதிலுக்குக் காத்திருந்த காலம் அது.

அந்த நாட்களில்தான் அப்பா இறந்த தந்தி வந்தது. என் விசா புதுப்பித்தலில் இருந்தது. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவதற்கு உத்தரவாதம் இல்லை என்று குடியேற்ற அலுவலகத்துக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஆள் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். என் தங்கை கோமதி பிறகு எழுதினாள்: ஊரிலிருந்து நான்கு பேர்தான் வந்தார்கள். அத்தை வரவில்லை. மாமா தன் கடையை மட்டும் ஒருநாள் அடைத்திருந்தார். செய்கிற அவமானத்தையும் முறைப்படி செய்கிறவர்!

நான் போகவில்லை. போகாத ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் சில மாதம் அலைந்தேன். பிறகு எனக்கு இடம் கிடைத்தது.

4

எங்கள் ஊரைக் கட்டங்களாகப் பிரித்தேன்.

கம்ப்யூட்டரில் சொந்த வேலை செய்வதற்குக் கணக்குப் பிரிவில் அனுமதி வாங்க வேண்டும். பேராசிரியர் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் கணக்குப் பிரிவில் இருந்த அம்மாள் விடவில்லை. நீர்ப்பிடிப்பு நிலம் எந்த மாவட்டம், எந்த மாநிலம் என்று எழுதாமல் முத்திரை போட மாட்டாளாம். பக்கத்தில் தெரிந்த ஊர் ஏதாவது உண்டா என்றாள். குற்றாலம் என்பதை ஆங்கிலத்தில் 'Courtallam' என்று எழுதிக் காட்டினேன். முதல் நான்கைந்து எழுத்தைப் படித்துவிட்டு, 'கோர்ட்டா? வழக்கு ஏதாவது நடக்கிறதா?' என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அந்தப் பெயரில் குற்றம் என்று படித்திருப்பாள். எப்படிப் படித்தாலும் சரிதான் என்று தலையாட்டினேன். முத்திரை விழுந்தது.

கோமதி அப்போது தென்காசியில் பள்ளி ஆசிரியை. அவளுக்கு என்னைவிடக் கோபம் அதிகம், பொறுமையும் அதிகம். வார விடுமுறைகளில் குடையை ஊன்றிக்கொண்டு ஓடைக்கரை நெடுக நடந்து அகலமும் ஆழமும் அளந்தாள். யாராவது கேட்டால் பிள்ளைகளுக்குப் பூகோளப் பாடம் என்றாள். மழைக் கணக்கை அலுவலகங்களில் கெஞ்சி வாங்கி எழுதி அனுப்பினாள். மேட்டுவயல் எப்படி உழுதிருந்தது என்பது எனக்கே தெரியும். கண்ணை மூடினால் அந்த நேர்க்கோடுகள் தெரியும்.

ஒரு தொல்லை வந்தது. எங்கள் இயந்திரத்துக்குச் சாரல் புரியவில்லை. இந்த நாட்டில் மழை என்றால் இடியோடு வந்து அடித்துவிட்டுப் போவது. நாள் முழுக்க முகத்தில் பொடிப்பொடியாக ஒட்டுகிற, குடை பிடித்தாலும் நனைக்கிற, பிடிக்காவிட்டாலும் யாரும் கவலைப்படாத ஒன்றை அதற்கு எப்படிச் சொல்வது? பேராசிரியர், 'அது மழையா, மூடுபனியா?' என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். அதற்கென்று தனியாக ஒரு கணக்கு எழுதினேன். அதை எழுதிய வாரங்களில் அறைக்குள் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று உடன் வேலை செய்தவர் பிறகு சொல்லிக் கேலி செய்தார்.

5

பதில் வந்தது. சாரல் காலத்தில் மேட்டுவயலிலிருந்து மண் அதிகம் இறங்கவில்லை. ஐப்பசி அடைமழையைப் பெய்யவிட்டதும் இறங்கியது பாருங்கள்! குளத்தில் படிந்த வண்டலில் பெரும்பங்கு அந்த ஒரு வயலுடையது. முந்தின ஓரிரு நாளில் அங்கே எண்ட்ரின் அடித்திருந்தால் குளத்து மீன் அத்தனையும் சாகப் போதுமான அளவு மண்ணோடு வந்து சேர்ந்திருக்கும்.

'அடித்திருந்தால்.' இந்த ஒரு சொல்லில்தான் என் படிப்பு முழுவதும் நின்றுபோனது. அன்றைக்கு மருந்து அடித்தாரா இல்லையா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அப்பா டின்னோடு போகவில்லை என்றும் அது சொல்லாது. இப்படி நடந்திருக்கக்கூடும் என்று மட்டும்தான் அதற்குச் சொல்ல வரும். ஊரில் போய் 'கூடும்' என்று சொன்னால் மாமா கடையில் இன்னொரு முறை சிரிப்பார்கள். மிச்சத்தை மாமாவே தன் வாயால் சொன்னால்தான் உண்டு.

அவரை எப்படிச் சொல்லவைப்பது என்று யோசித்தேன். யோசிக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. அலுவலகத்துக்குப் போகிற பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

வண்டலுக்கு இங்கே எங்கள் துறையில் வைத்திருக்கும் 'செடிமென்ட்' என்ற பெயரைக் கேட்டாலே விவசாயிகள் வக்கீலைத் தேடுவார்கள். 'என் வயல் மண் ஓடையில் போகவே இல்லை' என்று சத்தியம் செய்வார்கள். அது இங்கே குப்பை, அழுக்கு, அபராதம். நம் ஊரில் அப்படியா? கோடையில் குளம் வற்றினால் வண்டல் அள்ள வண்டி வரிசை கட்டும். வயலுக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. யாருக்கு எத்தனை வண்டி என்று அடிதடி நடக்கும். வண்டல் என்ற சொல்லைக் கேட்டால் மாமாவுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு அவரைத் தெரியும்.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. வண்டல் பங்கு பேச ஊர்க்கூட்டம் வைத்திருப்பதாகக் கோமதி எழுதினாள். நான் கூட்டத்துக்கென்று தமிழில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் போட்ட கணக்குப்படி, நம் குளத்து வண்டலில் பெரும்பங்கு மேட்டுவயலிலிருந்து வந்தது என்று மட்டும் அதில் இருந்தது. மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோமதிக்குத் தனியாக எழுதினேன்: 'மாமாவே பேசுவார். நீ நடுவில் பேசாதே. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேள்.'

6

கோமதியோடு வேலை பார்த்த ஆசிரியை கடையநல்லூர்க்காரி. அவள் கணவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைக் கோமதி இரவல் வாங்கி, சாஸ்தா கோவில் முன்னால் கூட்டத்தின் நடுவில் வைத்தாள். அண்ணனுக்கு ஊர்க்காரர்கள் குரலைக் கேட்க ஆசை என்று சொல்லியிருக்கிறாள். அந்த கேசட் பிறகு எனக்கு வந்தது. தொடக்கத்தில் ஒவ்வொருவராக வந்து என்னை நலம் விசாரிக்கிறார்கள். 'சங்கரா, நல்லாருக்கியாலே? அங்கன ஐஸு மழையா பெய்யுமாம்லா?' என்று ஒருவர். அப்பாவைக் குளத்தில் இறங்கக் கூடாது என்று கூட்டத்தில் முதலில் சொன்ன அதே ஆள்தான்.

கடிதம் படித்தார்கள். படித்து முடிக்கும் முன்பே மாமா குரல்.

'கேட்டியளா? அமெரிக்கா கம்ப்யூட்டரே சொல்லிட்டு. குளத்துல கெடக்கது எம் மண்ணு. எம் மருமவன்தான் கணக்குப் போட்டிருக்கான், நானா சொல்லுதேன்? எனக்கு மொத வண்டி. பாதி வண்டல் எனக்கு. மிச்சத்தப் பங்கு போட்டுக்கிடுங்க.'

கூச்சல். ஊர்த் தலைவர் அண்ணாச்சி அடக்குகிறார். 'காயிதத்துல எழுதினா ஆச்சா வே? உம்ம வயல் மண்ணுதான்னு எப்படி ஒத்துக்கிடுதது?'

'கற்பூரத்தக் கொளுத்தும். அணைச்சுச் சத்தியம் பண்ணுதேன்.'

கொளுத்தினார்கள். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்கிறது. மாமா எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறார். 'சாஸ்தா சாட்சியா அம்புட்டும் எம் மேட்டுவயல் மண்ணு. வருசா வருசம் போவுது. நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்.'

'எந்த வருசம் வே ரொம்பப் போச்சு?' என்று தலைவர் அண்ணாச்சி கேட்கிறார். அதை அவர் எதற்காகக் கேட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கோமதி சொல்லிக்கொடுக்கவில்லை.

நட்டத்தைப் பற்றிக் கேட்டால் மாமாவை நிறுத்த முடியாது. 'அந்த ஐப்பசி மழைதான். மீனு செத்த வருசம். வயல்ல பாதி கரைஞ்சு போயிட்டு அண்ணாச்சி! மொளகாச் செடி வேரோட போயிட்டு. மழைக்கு மொத நாளுதான் ஆளு விட்டு மருந்தடிச்சிருந்தேன். அம்புட்டு மருந்தும் மண்ணோட போச்சு. எவன் குடுத்தான் எனக்கு அந்த நட்டத்த?'

இப்போது கோமதி. குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கேட்கிற மாதிரிதான் கேட்கிறாள்.

'மருந்து எங்கன போச்சு மாமா?'

காக்காய் கத்துகிறது. தென்காசி ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. யாரோ செருமுகிறார்கள். பிறகு மாமா.

'ஏட்டி, அந்த டேப்பு ஓடுதா?'

'ஓடுது மாமா.'

7

அந்தக் கேசட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று என் மனைவியைக் கேளுங்கள். பாட்டுக் கேசட் வைக்க இடம் இல்லை என்பது அவளுடைய நிரந்தரப் புகார். கேட்டால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. ருசித்தது. இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ருசியே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? மாமாவுக்கு அந்தக் கோடையில் ஒரு வண்டி வண்டல்கூடக் கொடுக்கவில்லை. யாரும் எங்கள் அம்மாவிடம் வந்து மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கூட்டம் கலைவதற்கு முன்னால் தலைவர் அண்ணாச்சி, 'அவர் மேல இருந்த தடைய எடுத்தாச்சு' என்று மட்டும் சொன்னாராம். செத்துச் சாம்பலான பிறகு என் அப்பாவுக்குக் குளத்தில் இறங்கிக் குளிக்க அனுமதி கிடைத்தது. இங்கே குடியேற்ற அலுவலகத்தில்கூட அதைவிடச் சீக்கிரம் காகிதம் நகரும்.

கடையநல்லூரில் கேசட் பதிந்து கொடுக்கிற கடைகள் உண்டு. யார் கொடுத்தார்களோ தெரியாது, எங்கள் கேசட் அங்கே போய்விட்டது. கோமதிதான் என்று நான் நினைக்கிறேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் அது ஓடியதாம். மாமா உரக்கடைக்கு நடந்தால் பின்னால் யாராவது ஒருவன், 'மருந்து எங்கன போச்சு மாமா?' என்பான். எனக்கு இதை எழுதும்போதும் இனிக்கிறது.

போன மாதம் ஒரு காலை, அலுவலகம் கிளம்புகிற நேரத்தில் டிரங்க் கால். தென்காசி தபால் ஆபீஸிலிருந்து அத்தை. அந்த ஐப்பசி மழைக்கு அப்புறம் நான் அவள் குரலைக் கேட்டதே இல்லை.

'சங்கரா, நான் அத்த பேசுதேன்லே. நல்லாருக்கியா? புள்ள நல்லாருக்கா?'

'இருக்கோம் அத்தே.'

'மாமா பக்கத்துலதான் நிக்காக. உங்கிட்ட சொல்லச் சொல்லுதாக. அந்தக் கேசட்ட அழிச்சிரச் சொல்லு கோமதிட்ட. கடைக்காரன்ட்டயும் சொல்லச் சொல்லு. வெளிய தல காட்ட முடியலலே. சோறு எறங்க மாட்டேங்கு. வயசான மனுசன்லா. நடந்தது நடந்துபோச்சு.'

எனக்குப் பதில் தயாராகவே இருந்தது. பல வருடமாகத் தயாராக இருந்தது.

'அப்பா செத்தப்ப நீங்க வரலையே அத்தே?'

நிமிடத்துக்கு இவ்வளவு என்று கம்பி ஓடிக்கொண்டிருந்தது. சட்டைக்குப் பொத்தான் போடாமல் நின்றேன். வாசலில் உமா பள்ளிப் பையோடு கை ஆட்டினாள், நான் ஆட்டவில்லை. அத்தை போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வைக்கட்டும் என்றும் நினைத்தேன்.

வைக்கவில்லை. ஏதோ துணி உரசுகிற சத்தம் வந்தது. முந்தானையால் போனை மூடியிருக்க வேண்டும். அடுத்து வந்த குரல் வேறு குரலாக இருந்தது.

'அவுக துட்டு கட்டக் கவுண்டருக்குப் போயிருக்காக. சீக்கிரம் கேட்டுக்க. அழிச்சிராதலே. எங்க அண்ணன் செய்யலன்னு சொல்லுத ஒண்ணு இந்த ஒலகத்துல அதான் இருக்கு. எனக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லு கோமதிட்ட. அவுக கடைக்குப் போன பொறவு கேட்டுக்கிடுதேன்.'

அந்தப் பக்கத்தில் செருப்புச் சத்தம் நெருங்கியது. அத்தை முந்தானையை எடுத்துவிட்டாள்.

'சரிலே,' என்று உரக்கச் சொன்னாள். 'அழிச்சிரு. மறந்துராத.'